டல்சி பார்டியும் முப்பத்தொன்றாம் பக்கமும்

டல்சி பார்டி முப்பத்திரண்டு வருடம் மீன் ஆலையில் விளக்கு மேசை முன்னால் நின்றவள். அந்த மேசைக்கு மேலே கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் விளக்கு. தோலுரித்த மீன் துண்டை அதன்மேல் விரித்தால் உள்ளே இருக்கும் புழு நிழலாகத் தெரியும். கத்தி முனையால் அதைக் கிள்ளி எடுக்க வேண்டும். ஆலையை மூடிவிட்டார்கள், ஆனால் அவள் கண் மூடவில்லை. கல்யாண வீட்டுக் கேக், போதகரின் பிரசங்கம், பக்கத்து வீட்டு ஜன்னல் திரை, எதை முன்னால் வைத்தாலும் முதலில் புழுவைத்தான் தேடுவாள். புத்தகத்திலும் அதைத்தான் தேடினாள். இப்போது வருகிற புத்தகங்களில் அவள் ரொம்ப நேரம் தேட வேண்டியிருக்கவில்லை.

எங்கள் ஊர் டிப்பெட்ஸ் கோவ், நியூஃபவுண்ட்லாந்தின் வடகரையில். நூலகம் பழைய பள்ளிக்கூடத்தின் பின்னறையில் இருக்கிறது. செவ்வாய், வியாழன், சனி மத்தியானங்களில் ரோண்டா ஸ்னூக் வந்து திறப்பாள். புத்தகக் கடைக்குப் போவதானால் மூன்று மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும், அதுவும் சாலையில் மூஸ் என்கிற பெரிய மான் வந்து நிற்காமல் இருந்தால். அதனால் நூலக அட்டை இல்லாதவர்கள் ஊரில் குறைவு. எனக்கு அட்டை இல்லை. எட்டு வயதில் மீன் காயப்போடும் பரணுக்கு என்னை அனுப்பிவிட்டார்கள், அதோடு எழுத்து என் பக்கமே வரவில்லை. அது இல்லாமலே எண்பத்து நான்கு வயதுவரை வந்தாயிற்று.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு புத்தகத்தைக் கடைசிவரை படித்து முடித்தவர்கள் அதன் முப்பத்தொன்றாம் பக்கத்தின் அடியில் பென்சிலால் தங்கள் குறியைப் போடுவார்கள். நூலக முத்திரை உள்ளே குத்தியிருப்பது அந்தப் பக்கத்தில்தான், அதனால் அந்தப் பக்கம். எல்லாப் புத்தக அட்டையிலும் ஒரே மாதிரி முக்காடு போட்ட பெண் ஒரே மாதிரி மலையைப் பார்த்து நிற்கும்போது, போன குளிர்காலத்தில் படித்ததா இல்லையா என்று வேறு எப்படித் தெரியும்? படகில் வேலை பார்த்த கிட் ஸ்ட்ராட்டனுக்கு நங்கூரம். ரோண்டாவுக்கு நட்சத்திரம். டல்சிக்கு மீன் முள். குறி இருந்தால் முடித்தாயிற்று என்று அர்த்தம். முடிக்காமல் குறி போடுவது, இன்னொருவர் வெட்டிச் சாலையோரம் அடுக்கிய விறகில் தன் பெயரைப் போட்டுக்கொள்வது மாதிரி. அப்படி யாரும் செய்ததாக நான் கேட்டதில்லை.

டல்சி மட்டும் மீன் முள்ளோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பக்கத்திலேயே இரண்டு வரி எழுதுவாள். புதனும் வெள்ளியும் என் அடுப்படிக்கு வந்து, நான் கையுறை பின்னிக்கொண்டிருக்க, சத்தமாகப் படித்துக் காட்டுவாள். திட்டும்போது மட்டும் குரல் இன்னும் தெளிவாக வரும். அவள் எழுதிய வரிகள் எனக்கு அப்படித்தான் பாடமாயின.

ஒரு புத்தகத்தில் வெள்ளி முடிப் பெண் ஒருத்தி. தான்தான் நாட்டுக்கு அரசி என்று இருபது வயதுவரை அவளுக்குத் தெரியாது. டல்சி எழுதினாள்: “ஊரில் மற்ற எல்லாருக்கும் கறுப்பு முடி. இவள் கண்ணாடியே பார்த்ததில்லையா?” இன்னொன்றில் அறுநூறு வயது இளவரசன், பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பார்த்து மயங்குகிறான். “அறுநூறு வருடத்தில் துணி மடிக்கக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை. தாடை அழகாக இருக்கிறதாம். எங்கள் ஊர் ஆட்டுக்கும் தாடை உண்டு.” முதல் பக்கத்தில் வரைபடம் போட்ட புத்தகம் ஒன்று வந்தது. அதில் ஆறு கடலில் புறப்பட்டு மலை ஏறியது. “இதை வரைந்தவரை கிட் மாமாவின் படகில் ஒரு நாள் ஏற்றி விடுங்கள். திரும்பி வந்தால் மீதியைப் படிக்கலாம்.” பக்க ஓரமெல்லாம் தங்கச் சாயம் பூசிய தடிப் புத்தகத்துக்கு ஒரே வரி: “உள்ளே போடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை போலிருக்கிறது.”

இந்த அரசர் கதைகளில் எனக்கும் ஒரு குறை உண்டு. வழியில் தங்குகிற இடத்திலெல்லாம் கறிச்சாறு கொதித்துக்கொண்டே இருக்கிறது. விறகை யார் வெட்டினார்கள், கிழங்கை யார் உரித்தார்கள், அந்தப் பானையை யார் தேய்த்தார்கள் என்று நானூறு பக்கத்தில் ஒரு வரி இல்லை. இதைச் சொன்னது நான். டல்சி தன் மீன் முள்ளுக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். போகட்டும்.

மாயக் கதைகளோடு விட்டாளா என்றால் இல்லை. பெருநகரத்து ஆள் ஒருவர் எங்கள் கரையில் ஒரு குளிர்காலம் வீடு எடுத்துத் தங்கிப் போய், இங்கே மனிதர்கள் எவ்வளவு மௌனமானவர்கள் என்று ஒரு புத்தகம் போட்டார். டல்சி எழுதினாள்: “அந்த வருடம் இந்தக் கரையில் யாரும் மௌனமாக இருக்கவில்லை. இவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.” பரிசு வாங்கிய நாவல் ஒன்றில் ஒருத்தி இருநூறு பக்கம் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள். “பிள்ளைகளுக்கு யார் சாப்பாடு போட்டார்கள்?” சமையல் புத்தகம் ஒன்று உப்புமீனை ஒரு மணி நேரம் ஊறவைத்தால் போதும் என்றது. “எழுதியவர் இதைத் தின்று காட்டட்டும். குடிக்கத் தண்ணீர் நான் தருகிறேன்.”

ஊர்க்காரர்கள் புத்தகத்தை எடுத்தால் முதலில் முப்பத்தொன்றாம் பக்கத்தைத்தான் திருப்பினார்கள். அவள் ரொம்பத் திட்டிய புத்தகம்தான் சீக்கிரம் வெளியே போகிறது என்று ரோண்டா சொல்வாள். திட்டினது சரிதானா என்று பார்க்க எடுப்பார்களாம்.

போன வருடம் செப்டம்பரில் அந்தப் புத்தகங்களில் ஒன்று வேறு ஊர் நூலகத்துக்கு இரவலாகப் போயிற்று. அங்கே யாரோ ஒருவர், புத்தகத்தில் கிறுக்கியிருக்கிறது என்று புகார் எழுதிவிட்டார். தலைமை அலுவலகம் ரோண்டாவுக்குக் கடிதம் அனுப்பியது. எண்ணிப் பார்த்தால் இருநூற்றுப் பதினான்கு புத்தகம். மற்றவர்களுடையது சின்னக் குறி, மன்னித்தார்கள். டல்சியுடையது சேதம். மேற்பார்வையாளர் அக்டோபர் இரண்டாம் வியாழன் நேரில் வருவார், திருமதி பார்டியின் அட்டையை ரத்து செய்வதா இல்லையா என்று அன்று முடிவாகும் என்று இருந்தது.

கடிதத்தை டல்சி எனக்குப் படித்துக் காட்டினாள். அதிலும் ஒரு வாக்கியம் சரியில்லை என்றாள். ஆனால் அன்று நான் கொடுத்த தேநீரை அவள் குடிக்கவில்லை. அவள் புருஷன் செல்பி செத்துப்போனபின் வந்த முதல் குளிர்காலம் எனக்கு நினைவிருக்கிறது. பனியில் நூலகம் ஐந்து வாரம் மூடிக் கிடந்தது. டல்சி என் அடுப்படியில் உட்கார்ந்து, படிக்க ஒன்றும் இல்லாமல், உப்பு டப்பாவின் முதுகைப் படித்தாள். படித்துவிட்டுத் திருப்பி வைத்து, மறுபடி எடுத்துப் படித்தாள். அந்த அட்டை போனால் அவள் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால்தான் அழிக்க மாட்டேன், மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று அவ்வளவு பலமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வியாழன் பின்னறையில் இருபது பேருக்கு மேல். உட்கார நாற்காலி போதாமல் சிலர் சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் முழங்காலை மடித்து உட்கார்ந்தார்கள். மேற்பார்வையாளர் மிஸ் காலஹன் சின்ன வயது, மரியாதையானவர். புத்தகங்களை ரோண்டாவின் மேசையிலும் அதைச் சுற்றித் தரையிலும் அடுக்கடுக்காக வைத்திருந்தார். டல்சி கோயிலுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். டல்சி எழுதுவதைப் பார்த்துத்தான் தாங்கள் புத்தகம் எடுப்பதாக ஒருவர் சொன்னார். அவள் எழுதியதால்தான் அந்த வெள்ளி முடிக்காரியிடமிருந்து தன் பெண் தப்பித்தாள் என்று இன்னொருத்தி சொன்னாள். குளிர்காலம் பூராவும் வீணாகப் போகாமல் அவள் காப்பாற்றியிருக்கிறாள் என்று நானும் சொன்னேன். மிஸ் காலஹன் கேட்டுக்கொண்டே ஒரு புத்தகத்தைப் பிரித்தார், அது அந்தப் பெருநகரத்து ஆளுடையது. வரியைப் படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். அப்போதே பாதி ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

கடைசியில் அவர் தன் முடிவைச் சொன்னார். பென்சில் எழுத்தை அழித்துவிட வேண்டும். அதற்குப் பதிலாக மேசைமேல் ஒரு நோட்டு வைக்கலாம், திருமதி பார்டி தன் கருத்தை அதில் எழுதட்டும். அட்டைக்கு ஒன்றும் ஆகாது. டல்சி, நோட்டு கோடு போட்டதா போடாததா என்று மட்டும் கேட்டாள். அவள் தோள் இறங்கியதைப் பின்னால் இருந்து நான் பார்த்தேன்.

எல்லாரும் எழுந்திருக்கப் போகும் நேரத்தில் கிட் ஸ்ட்ராட்டன் கையைத் தூக்கினார். படகு எஞ்சின் அறையில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர், எழுபத்தேழு வயது. இரண்டு மாதத்துக்கு ஒரு புத்தகம்தான் படிப்பார், ஆனால் அச்சகத்தின் முகவரிகூட விடமாட்டார். தானும் டல்சிக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசை. அடுக்கிலிருந்து ஒரு பச்சை அட்டைப் புத்தகத்தை உருவினார். மூழ்கிப்போன நகரத்தின் மணிகளைப் பழுதுபார்க்கப் புறப்படும் பெண்ணைப் பற்றிய மாயக் கதை அது.

“இந்த அம்மாவோட கண்ணு எப்படிப்பட்டதுன்னு சொல்றேன் கேளுங்க,” என்றார் மிஸ் காலஹனிடம். “இதுல ஒரு பொண்ணு எதிர்காத்துல பாய் விரிச்சிட்டுக் கடலுக்குப் போறா. டல்சி என்ன எழுதியிருக்கா? ‘இவளுக்கும் படகு ஓட்டத் தெரியாது, எழுதினவளுக்கும் தெரியாது. இவள் மூன்றாம் பக்கத்திலேயே மூழ்கியிருக்க வேண்டும்.’ இப்படி எழுதியிருக்கா. அதே மாதிரி மூழ்கித்தான் போறா. நாப்பத்தி நாலாம் பக்கத்துல. படகு ஓட்டத் தெரியாததுதான் கதையே. மீதி முன்னூறு பக்கமும் அவ அக்கா அவளைத் தேடுறா.”

சொல்லிவிட்டுச் சுற்றிப் பார்த்துச் சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. நாற்பத்து நான்காம் பக்கத்தில் மூழ்குகிறவளை, கடைசிவரை படித்தவள், மூழ்கியிருக்க வேண்டும் என்று ஏன் எழுதுகிறாள்? ரோண்டா நேராக இருந்த அடுக்கை மறுபடி நேராக்கினாள். கிட்டுக்கும் அப்போதுதான் விளங்கியது. புத்தகத்தை மெதுவாக மூடினார்.

என் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பச்சைப் புத்தகத்தை டல்சி என் அடுப்படியில்தான் தொடங்கினாள். முப்பது பக்கம் படகைத் திட்டிக்கொண்டே வந்தவள் படாரென்று மூடி, இது போதும் என்றாள். மீதியை வீட்டில் படித்திருப்பாள் என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். அவள் திட்டுவதைக் கேட்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது, அதனால் கேட்கவில்லை.

மிஸ் காலஹனுக்கு இது எதுவும் எட்டவில்லை. காகிதங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். டல்சி வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவர் காரில் ஏறிப் போயிருப்பார், அட்டை அவள் கைப்பையில் பத்திரமாக இருந்திருக்கும்.

“எந்தப் பக்கம்னு சொன்னீங்க, மாமா?” என்றாள் டல்சி.

“நாப்பத்தி நாலு,” என்றார் கிட், தரையைப் பார்த்துக்கொண்டு. “எனக்குச் சரியா ஞாபகம் இல்லம்மா. இருக்கட்டும் விடு.”

“உங்களுக்கு ஞாபகம் இருக்கு. நான் அவ்வளவு தூரம் போகல. எழுத இடம் முப்பத்தொண்ணுல இருக்கு. அங்க வரும்போதே கோவம் வந்துருச்சு, பென்சில் கையிலயே இருந்துச்சு, எழுதிட்டேன். எழுதினப்புறம் படிக்க என்ன இருக்குன்னு திருப்பிக் குடுத்துட்டேன்.”

மிஸ் காலஹன் நல்ல மனதோடுதான் சொன்னார். “அதனால என்னங்க, எல்லாப் புத்தகத்தையும் யாரு முடிக்கிறாங்க? நானே பாதிக்கு மேல விட்டுடுவேன்.”

இருபது பேரும் அவரை ஒரு பார்வை பார்த்தார்கள்.

டல்சி எழுந்து மேசைக்குப் போனாள். அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். முடித்ததை இந்தப் பக்கம், முடிக்காததை அந்தப் பக்கம். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன், அந்தப் பக்கத்தில் பத்தொன்பது சேர்ந்தது. தங்கச் சாயம் அதில் இருந்தது. அறுநூறு வயது இளவரசனும் இருந்தான். பின்னால் பெஞ்சிலிருந்து ஒருத்தி, சமையல் புத்தகமுமா என்று கேட்டாள், அவள் குரலில் நிஜமான பயம் இருந்தது.

“சமையல் புத்தகம் முழுசாப் படிச்சேன்,” என்றாள் டல்சி திரும்பாமல். “பின்னட்டை வரைக்கும். அதுல மாத்தமில்ல.”

பிறகு கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்து ரோண்டாவின் முன்னால் வைத்தாள். இந்தப் பத்தொன்பதையும் இங்கேயே உட்கார்ந்து கடைசிப் பக்கம்வரை படித்த பிறகு திருப்பித் தந்தால் போதும், அதுவரை புதிதாக ஒரு புத்தகமும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன் என்றாள். மிஸ் காலஹன் பதறிப்போய், விதியில் அப்படி ஒன்றும் இல்லை என்றார்.

“உங்க விதி பென்சிலுக்கு,” என்றாள் டல்சி. “இது வேற.”

அப்படித்தான் அந்தக் குளிர்காலம் போயிற்று. வாரத்தில் மூன்று மத்தியானம், அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்க்குப் பக்கத்து மேசையில் டல்சி, எதிரே நான் பின்னல் ஊசிகளோடு. சத்தமாகத்தான் படித்தாள். நூலகத்தில் பேசக்கூடாது என்கிற பலகையை ரோண்டா சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். வாரங்கள் போகப் போக மூன்று நான்கு பேர் கேட்க வந்து சேர்ந்தார்கள். சிலர் பழைய மீன்வலையைக் கொண்டுவந்து தைத்துக்கொண்டே கேட்டார்கள்.

பதினெட்டுப் புத்தகம் நாங்கள் நினைத்ததைவிட மோசம். டல்சி அவசரப்பட்டுத் திட்டியதில் ஒரே தப்பு, திட்டு போதாமல் இருந்ததுதான். அறுநூறு வயது இளவரசன் நூற்றெழுபதாம் பக்கத்தில் கவிதை சொல்ல ஆரம்பித்தான். தங்கச் சாயப் புத்தகத்தில் செத்துப்போனவர்கள் ஏழு பேர் திரும்பி வந்தார்கள். ஒருவரைக்கூட நாங்கள் கூப்பிடவில்லை. இன்னொன்றில் உலகத்தையே அழிக்க வந்த அரக்கன் கடைசியில் தன் அப்பா தன்னைக் கட்டிக்கொள்ளவில்லை என்று அழுதான். வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வந்தார். ஒவ்வொன்றையும் முடித்ததும் பழைய வரியை ரப்பரால் அழித்தாள், மீன் முள்ளை மட்டும் விட்டாள், நோட்டில் புது வரியை எழுதினாள். தங்கச் சாயத்துக்கு இப்படி: “முழுவதும் படித்தேன். நீங்கள் படிக்க வேண்டாம் என்பதற்காகத்தான் நான் படித்தேன்.”

பச்சைப் புத்தகத்தைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போனாள். மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வேறு வழியில்லாமல் எடுத்தாள். முதல் முப்பது பக்கமும் உதட்டைச் சுழித்துக்கொண்டு படித்தாள். நாற்பத்து நான்கில் அந்தப் பெண் மூழ்கினாள். அக்கா கரையில் நின்று காற்று எந்தத் திசை என்று பார்க்கிறாள், பாயை அப்படி விரிக்கக் கூடாது என்று தங்கைக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்டது யார் என்று யோசிக்கிறாள். அந்த இடத்தில் டல்சி தண்ணீர் வேண்டும் என்றாள். செல்பி கடலோடு போனதும் ஒரு காற்று நாளில்தான். ரோண்டா தண்ணீர் கொண்டுவந்தாள், குடித்துவிட்டு மேலே படித்தாள்.

முடிக்க நான்கு மத்தியானம் ஆயிற்று. கடைசி நாள் கிட்டும் வந்து கதவோரம் நின்றார். டல்சி புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தாள்.

“திமிர் பிடிச்சவ,” என்றாள். “நல்லா எழுதத் தெரிஞ்சும் முதல் முப்பது பக்கத்தை வேணும்னே அப்படி வெச்சிருக்கா. யாரு தாண்டி வர்றாங்கன்னு பாக்குறதுக்கு.”

“நீ தாண்டி வந்துட்டியே,” என்றார் கிட்.

“நீங்க பேசாதீங்க மாமா. உங்களாலதான் பாக்கி பதினெட்டையும் படிச்சேன்.”

நோட்டில் அன்று ஒன்றும் எழுதவில்லை. அடுத்த வியாழன் வந்து ஒரே வரி எழுதினாள்: “நான் சொன்னது தவறு. நாற்பத்து நான்குவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.” கீழே முழுப் பெயரையும் போட்டாள். ரோண்டா இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்து நீட்டினாள். டல்சி அதை வாங்கின வேகத்தில் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, இரண்டாம் பாகம் எங்கே என்று கேட்டாள். அக்கா மூழ்கிப்போன அந்த நகரத்தின் வாசலில் நிற்கும்போது கதை முடிந்திருந்தது, உள்ளே போனாளா என்று தெரிய வேண்டாமா?

ரோண்டா கணினியில் தட்டிப் பார்த்தாள். இன்னும் எழுதி முடிக்கவில்லையாம். வருவதற்கு இரண்டு வருடம் ஆகுமாம்.

டல்சி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“ரெண்டு வருஷமா? ஆலையில நான் இந்த வேகத்துல வேலை பாத்திருந்தா மத்தியானமே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க.” பிறகு என் பக்கம் திரும்பினாள். என் முகத்தையும் என் கைத்தடியையும் ஒரு தடவை பார்த்தாள். “ட்ரைஃபீனா அத்தை, அது வர்ற வரைக்கும் நீங்க எங்கயும் போயிடக் கூடாது. சொல்லிட்டேன். பாதிக் கதையில போனா உங்க கல்லறைக்கு நான் பூ கொண்டு வர மாட்டேன்.”

அதை என்னிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, எழுதுகிறவளுக்குக் கடிதம் போடு என்றேன். அன்று சாயங்காலமே போட்டாள். மூன்று பக்கம். முதல் இரண்டு பக்கமும் படகு ஓட்டுவதைப் பற்றி.